வீட்டுக்காகக் காத்திருந்த 18 வருடம்!

லண்டன் மாநகரின் வடக்கு ஓரத்தில் ஹை பார்னெட் என்று ஒரு பகுதி இருக்கிறது. ரயில் பாதை ஒன்று அங்கே போய் முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் வயலும் மரமும்தான்.

அங்கே ஒரு குடியிருப்பு. 25 வீடுகள். நடுவே தோட்டம். எல்லோரும் கூடிச் சாப்பிட ஒரு பொதுக் கூடம். விருந்தாளி வந்தால் தங்க ஓர் அறை.

குடியிருப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அத்தனை பேரும் 50 வயதைக் கடந்தவர்கள். 80 வயதைத் தாண்டியவர்களும் உண்டு. மகன் வரலாம், பேரன் வரலாம். ஆனால் ஆண்கள் யாரும் அங்கே குடியிருக்க முடியாது. அது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம்.

இந்தப் பெண்கள் ஒன்று சேர்ந்து "நாம் சேர்ந்து வாழ ஓர் இடம் கட்டுவோம்" என்று முடிவு செய்தது 1998-ம் ஆண்டில். முதல் வீட்டின் கதவு திறந்தது 2016-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில்.

18 ஆண்டுகள்!

1998-ல் 50 வயதாக இருந்தவருக்கு அப்போது 68 வயது. 65 வயதாக இருந்தவருக்கு 83 வயது.

25 வீடு கட்ட 18 வருடமா? பணம் இல்லையா? செங்கல் இல்லையா? கொத்தனார் கிடைக்கவில்லையா?

எல்லாம் இருந்தது. ஆனாலும் கட்ட முடியவில்லை. ஏன் என்பதுதான் கதை.

ஹாலந்தில் பிறந்த யோசனை

ஹாலந்து தேசத்தில் வயதானவர்கள் சிலர் சேர்ந்து குடியிருப்பு அமைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அவரவருக்குத் தனி வீடு, தனிச் சமையல். ஆனால் பக்கத்து வீட்டில் இருப்பவர் தெரிந்தவர். கூப்பிட்டால் வருவார். அந்த நாட்டு அரசாங்கமும் இதற்கு ஊக்கம் கொடுத்தது.

இதைக் கேள்விப்பட்ட லண்டன் பெண்கள் சிலர் தாங்களும் அப்படியே செய்ய ஆசைப்பட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கவும் கூடாது. நான்கு சுவருக்குள் தனியே கிடக்கவும் கூடாது. இவ்வளவுதான் அவர்கள் கேட்டது.

எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. 25 வீடுகளில் 17 வீடுகள் விலைக்கு வாங்கியவை. 8 வீடுகள் குறைந்த வாடகைக்கு விடப்பட்டவை. வசதி இல்லாத பெண்ணும் இந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். அந்தப் பிடிவாதத்தினாலேயே வேலை இன்னும் இழுத்தது. சொந்த வீடு, வாடகை வீடு என இரண்டு கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சங்கம், ஒவ்வொரு பத்திரம்.

இடம் தேடினார்கள். ஓர் இடம் கிடைக்கும் போல இருக்கும், கை நழுவிப் போகும். வேறோர் இடம் வரும், அதுவும் போகும். கடைசியில் ஒரு பழைய பள்ளிக்கூடம் இருந்த இடம் கிடைத்தது. அதற்குப் பிறகும் நகரசபை அனுமதிக்காக வருடக்கணக்கில் நடக்க வேண்டியிருந்தது.

விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு

இங்கிலாந்தில், நிலம் சொந்தமாக இருந்தால் மட்டும் வீடு கட்டிவிட முடியாது. 1947-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதன்படி நிலத்தில் என்ன கட்டலாம், என்ன கட்டக்கூடாது என்று தீர்மானிப்பது உள்ளூர் சபை.

யாராவது கட்ட விண்ணப்பித்தால், தெருவில் உள்ள விளக்குக் கம்பத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதலாம்.

எழுதுகிறார்கள். தாராளமாக எழுதுகிறார்கள்.

"மரம் போய்விடும்", "கார் நிறுத்த இடம் போதாது", "கட்டடம் உயரமாக இருக்கிறது" என்பவை வழக்கமான ஆட்சேபங்கள். முதியோர் வீடு என்றால் இன்னொன்றும் சேரும். "கிழவர்கள் வந்து குவிந்தால் டாக்டரிடம் நமக்கு எப்போது முறை வரும்?" என்பதுதான் அது. அங்கே வைத்தியம் இலவசம். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் டாக்டர் உண்டு. ஏற்கனவே கூட்டம். இதில் இன்னும் கூட்டமா என்று பயம்.

சபைக்கும் ஒரு பயம் உண்டு. ஏழை முதியவருக்குப் பராமரிப்புச் செலவு உள்ளூர் சபையின் தலையில் விழுகிறது. வெளியூர் முதியவர்கள் வந்து குடியேறினால், நாளைக்கு அவர்கள் செலவையும் தாங்க வேண்டுமே என்று கணக்குப் போடுகிறார்கள்.

ஆட்சேபம் எழுதுகிறவர்களில் பலருக்கும் வயது 60-க்கு மேல் என்பதுதான் வேடிக்கை. தங்களுக்கும் நாளைக்கு இப்படி ஒரு வீடு வேண்டியிருக்கும் என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

எத்தனை பேர்?

2021-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி, இங்கிலாந்திலும் வேல்சிலும் 65 வயதைக் கடந்தவர்கள் 1 கோடியே 11 லட்சம் பேர். இவர்களில் சுமார் 33 லட்சம் பேர் தனியாக வசிக்கிறார்கள்.

பேராசிரியர் லெஸ் மேஹியூ என்பவர் 2022-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். முதியோருக்கென்று வருடத்துக்கு 50 ஆயிரம் வீடுகள் கட்ட வேண்டும் என்று அதில் சொன்னார். அப்போது கட்டப்பட்டு வந்தது வருடத்துக்குப் பத்தாயிரம் கூட இல்லை.

அதற்கு முன்பே, 2019-ல், "முதியோர் வீட்டுத் தேவை மிகவும் நெருக்கடியானது" என்ற கருத்தை அரசாங்கமே தன் வழிகாட்டியில் எழுதி வைத்தது. எழுதி வைத்ததோடு சரி.

இரண்டு எழுத்து, இரண்டு தலைவிதி

சர்க்கார் புத்தகத்தில் கட்டடங்களுக்கு வகுப்புகள் உண்டு. 'சி-3' என்றால் சாதாரண வீடு. 'சி-2' என்றால் பராமரிப்பு விடுதி.

இந்தக் காலத்து முதியோர் குடியிருப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தனிக் கதவு, தனிச் சாவி, தனிச் சமையலறை உண்டு. ஆகவே அது வீடு. ஆனால் கீழ்த்தளத்தில் ஆள் இருக்கிறார். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, இரவில் ஓடிவர ஏற்பாடு இருக்கிறது. ஆகவே அது விடுதி.

எது? சில ஊர்ச் சபைகள் வீடு என்கின்றன. சில ஊர்ச் சபைகள் விடுதி என்கின்றன.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பணம் இருக்கிறது! வீடு என்று முடிவானால், கட்டுகிறவர் அதில் ஒரு பங்கை வசதி இல்லாதவர்களுக்குக் குறைந்த விலைக்கோ வாடகைக்கோ ஒதுக்க வேண்டும். அல்லது அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும்.

ஆக்ஸ்போர்டு பக்கத்தில் தேம் என்ற சிற்றூர். அங்கே 78 முதியோர் வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்தது. "இது பராமரிப்புக் குடியிருப்பு. ஒதுக்கீட்டு விதி எங்களுக்குப் பொருந்தாது" என்பது நிறுவனத்தின் கட்சி. அனுமதி கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. எந்த வகுப்பில் வைத்தாலும் இவை மனிதர் குடியிருக்கும் வீடுகள்தாம், விதி பொருந்தும் என்று 2020-ல் தீர்ப்பாயிற்று.

ஏழை முதியவருக்கு ஒரு பங்கு வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பங்கைக் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பதிலும் உண்மை இருக்கிறது. ஊருக்கு ஒரு விதி என்று வைத்துக்கொண்டு, கட்டுகிறவரைக் கோர்ட்டுக்கு நடக்க வைப்பதில்தான் ஒரு நியாயமும் இல்லை.

நிலம் யாருக்கு?

ஒரு நிலம் விலைக்கு வருகிறது. இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் சாதாரண வீடு கட்டி விற்பவர். மற்றவர் முதியோர் வீடு கட்டுபவர். நிலம் யாருக்குப் போகும்?

சாதாரண வீடு கட்டுபவர், கட்டிய இடம் எல்லாவற்றையும் விற்றுவிடுவார். முதியோர் வீட்டில் அது முடியாது. பொதுக் கூடம் வேண்டும். சாப்பாட்டு அறை வேண்டும். சக்கர நாற்காலி திரும்ப அகலமான நடை வேண்டும். லிப்ட் வேண்டும். ஊழியர்களுக்கு அறை வேண்டும். கட்டிய இடத்தில் கால் பங்கும், சில இடங்களில் அதற்கு மேலும், இப்படியே போய்விடும். அதை யாருக்கு விற்பது?

அது மட்டுமா? சாதாரண வீடுகளை வரிசை வரிசையாகக் கட்டலாம். முதல் வரிசையை விற்று, அந்தப் பணத்தில் இரண்டாவது வரிசையை எழுப்பலாம். வாங்குகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்தே முன்பணம் கொடுப்பார்கள்.

80 வயதுப் பாட்டி வரைபடத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பாரா? கட்டடம் முழுவதும் எழும்ப வேண்டும். லிப்ட் ஓட வேண்டும். சமையலறையில் அடுப்பு எரிய வேண்டும். அதையெல்லாம் பார்த்துவிட்டு, மகளையும் அழைத்து வந்து காட்டிவிட்டு, அப்புறம்தான் யோசிப்பார். யோசித்த பிறகும் தம்முடைய பழைய வீட்டை விற்க வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கட்டியவர் வட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஆகவே முதியோர் வீடு கட்டுபவரால் நிலத்துக்கு அதிக விலை கொடுக்க முடியாது. நிலம் மற்றவருக்குப் போய்விடுகிறது.

இங்கே ஒரு வார்த்தை. நம் ஊரில் 'பங்களா' என்றால் பெரிய மனிதர் வீடு. இங்கிலாந்தில் பங்களா என்றால் மாடி இல்லாத சின்ன வீடு. வங்காளத்திலிருந்து கப்பலேறிப் போன சொல். மாடிப்படி ஏற வேண்டாம் என்பதால், முதியவர்களுக்கு அதன் மீது அலாதிப் பிரியம். ஆனால் புதிதாகக் கட்டும் வீடுகளில் பங்களாவைக் காண்பதே அபூர்வமாகிவிட்டது. மாடி இல்லாத வீட்டுக்கு நிலம் அதிகம் வேண்டும். நிலத்தின் விலைதான் தெரிந்த விஷயமாயிற்றே!

தாத்தாவைப் பிரித்தார்கள், பாட்டியைப் பிரித்தார்கள்

முதியவர்களே தயங்குவதும் ஒரு காரணம். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் இருக்கிறது.

பழைய காலத்தில் அங்கே தர்ம வீடுகள் இருந்தன. வின்செஸ்டர் நகரில் செயிண்ட் கிராஸ் என்ற தர்ம விடுதி 1130-களில் கட்டப்பட்டது. சுமார் 900 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அங்கே முதியவர்கள் வசிக்கிறார்கள். கறுப்பு அங்கியும் சிவப்பு அங்கியும் அணிந்து கோவிலுக்குப் போகிறார்கள். வழிப்போக்கர் கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது பீரும் கொடுக்கும் வழக்கம்கூட அங்கே நிற்கவில்லை.

இது நல்ல சரித்திரம். இன்னொரு சரித்திரமும் உண்டு.

1834-ல் ஏழைகளுக்கு என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கதியில்லாதவர்களுக்கு 'வேலை விடுதி' கட்டினார்கள். உள்ளே போனால் ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். 40 வருடம் குடும்பம் நடத்திய தாத்தாவும் பாட்டியும் வாசலிலேயே பிரிய வேண்டும்! 60 வயதுக்கு மேற்பட்ட தம்பதியைப் பிரிக்கக் கூடாது என்று 1847-ல் விதி வந்தது. விதி காகிதத்தில் வந்தது. நடைமுறையில் மெதுவாகத்தான் வந்தது.

1909-ல் முதியோர் பென்ஷன் தொடங்கியது. 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங். 1948-ல் பழைய ஏழைச் சட்டம் ஒழிந்தது. ஆனால் கட்டடங்கள் ஒழியவில்லை. பீட்டர் டவுன்செண்டு என்ற அறிஞர் முதியோர் விடுதிகளை நேரில் போய்ப் பார்த்து, 1962-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதே பழைய விடுதிகளில், அதே நீண்ட கூடங்களில், முதியவர்கள் படுக்கையை ஒட்டிப் படுக்கையாகக் கிடந்ததை அதில் எழுதியிருந்தார். நாடே வெட்கப்பட்டது.

"ஹோமுக்குப் போகிறாயா?" என்று கேட்டால், முதியவர்களின் முகம் இன்றும் வாடுகிறதென்றால் காரணம் இதுதான். புதுக் குடியிருப்பு வேறு, பழைய விடுதி வேறு என்று எத்தனை சொன்னாலும் மனம் கேட்பதில்லை.

பணத்திலும் பயம் உண்டு. சில குடியிருப்புகளில் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம். அது வருடத்துக்கு வருடம் ஏறும். முதியவர் இறந்த பின்பு பிள்ளைகள் வீட்டை விற்றால், விலையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் நிபந்தனையும் சில பத்திரங்களில் உண்டு. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று சட்டக் கமிஷன் 2017-ல் சிபாரிசு செய்தது. நியூசிலாந்து தேசம் 2003-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. அங்கே முதியோர் கிராமங்களுக்கு மக்கள் தைரியமாகப் போகிறார்கள் என்றால் ஆச்சரியம் இல்லை.

சிவப்புக் கயிறு

1960-களிலிருந்து நகரசபைகள் முதியோருக்கு வாடகை வீடுகள் நிறையக் கட்டின. குளியலறையில் கூரையிலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். விழுந்துவிட்டால் அதை இழுக்க வேண்டும். மணி அடிக்கும். அதே கட்டடத்தில் குடியிருக்கும் வார்டன் ஓடி வருவார். காலையில் ஒவ்வொரு கதவையும் தட்டி நலம் விசாரிப்பதும் அவர் வேலை.

இப்படிப்பட்ட துணைக்காக 2003-ல் அரசாங்கம் தனி நிதி ஒதுக்கியது. தொடக்கத்தில் ஏறக்குறைய 180 கோடி பவுண்டு! 2009-ல், இந்தப் பணத்தை இதற்கேதான் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. அப்புறம் நகரசபைகளுக்குப் பணமுடை வந்தது. இந்த நிதியில் கை வைத்தார்கள்.

பல ஊர்களில் வார்டன் போனார். கயிறு மட்டும் நின்றது. இழுத்தால் எங்கோ தூரத்து ஊரில் ஒரு குரல் கேட்கும்.

கட்டடம் கட்ட ஒரு தடவை பணம் வேண்டும். துணைக்கு ஆள் வைக்க ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும். முதல் பணத்தைக் கொடுக்க ஆள் உண்டு. திறப்பு விழாவில் பெயர் வரும். இரண்டாவது பணத்துக்குத்தான் யாரும் பொறுப்பு ஏற்பதில்லை.

ஓர் அறிவிப்பு, இரண்டு வருடம் வீண்

துணையோடு கூடிய வீடு முதியோருக்கு மட்டும் அல்ல. கணவன் அடிக்குத் தப்பி ஓடிவந்த பெண்ணுக்கும், உடல் ஊனமுற்றவருக்கும், வீதியில் படுத்திருந்தவருக்கும் அப்படி வீடுகள் உண்டு. இவற்றில் வாடகை சற்று அதிகம். இரவுக் காவல், பொதுக் கூடம் எல்லாம் வாடகையில்தான் சேரும். ஏழையாக இருந்தால் வாடகையை அரசாங்கம் கொடுக்கும்.

2015 நவம்பரில் நிதி மந்திரி ஓர் அறிவிப்புச் செய்தார். இந்த வாடகை உதவிக்கும் உச்சவரம்பு கட்டப்படும் என்றார்.

அவ்வளவுதான். கட்டவிருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 30, 40 வருடம் வாடகை வரும் என்று நம்பித்தானே கடன் வாங்குகிறார்கள்? வாடகையே சந்தேகம் என்றால் எந்த பாங்கி கடன் கொடுக்கும்? பல திட்டங்கள் பெட்டிக்குள் போயின.

2017 அக்டோபரில், அந்தத் திட்டம் கைவிடப்பட்டதாகப் பிரதம மந்திரி தெரசா மே அறிவித்தார். நடைமுறைக்கே வராத ஒரு விதி இரண்டு வருடத்தை விழுங்கிவிட்டது.

இதற்கு நேர்மாறான கதை பர்மிங்காம் நகரில் நடந்தது. துணை கொடுக்கிறோம் என்று சொன்னால் அதிக வாடகை உதவி கிடைக்கிறது அல்லவா? சிலர் அதையே வியாபாரமாக்கினார்கள். பழைய வீடுகளை வாங்கினார்கள். அறைக்கு ஒருவர் என்று அடைத்தார்கள். துணை என்ற பெயரில் வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தார்கள். அந்த ஒரு நகரத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இவ்வகை இடங்களில் இருந்தார்கள். பார்லிமெண்டுக் குழு 2022-ல் விசாரித்துக் கண்டித்தது. பாப் பிளாக்மன் என்ற பார்லிமெண்டு அங்கத்தினர் கொண்டுவந்த மசோதா, 2023 ஜூன் மாதம் சட்டமாயிற்று. இனி லைசென்சு வேண்டும்.

போக்கிரிகளைப் பிடிக்க வலை வேண்டியதுதான். ஆனால் லைசென்சுக்கு எவ்வளவு செலவு, எத்தனை கண்காணிப்பு என்று தெரியாமல், நல்லபடி நடத்தி வந்த சிறிய தர்ம ஸ்தாபனங்களும் கலங்கின. விதிகளைப் பற்றி அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது 2025-ல்தான்.

கடைத்தெருவிலேயே ஒரு வீடு

இத்தனை தடைகளையும் தாண்டிச் சில கட்டடங்கள் எழுந்துகொண்டுதான் இருக்கின்றன.

லண்டனில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே பெர்மாண்ட்சி என்ற பகுதி. தொழிலாளர் வாழ்ந்த பேட்டை. அங்கே மூடிக் கிடந்த ஒரு பழைய முதியோர் விடுதியின் இடத்தில், 'ஆப்பிள்பி புளூ' என்ற தர்மக் குடியிருப்பு 2023-ல் திறக்கப்பட்டது. 65 வயதைக் கடந்த, வசதி குறைந்த உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். நடத்துவது 1541-ம் ஆண்டிலிருந்து இருந்துவரும் ஒரு தர்ம ஸ்தாபனம்.

இதற்குப் பணம் வந்த வழி கவனிக்கத்தக்கது. அதே வட்டாரத்தில் விலை உயர்ந்த வீடுகள் கட்டிய நிறுவனத்திடம், "நீங்கள் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய பங்கை இங்கே முதியோருக்குக் கட்டிக் கொடுங்கள்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தேம் ஊரில் வழக்காக முடிந்த அதே ஒதுக்கீட்டு விதிதான் இங்கே வீடாக எழுந்தது!

முதியோர் வீட்டை ஊருக்கு வெளியே, வேலிக்கு அப்பால் கட்டுவது வழக்கம். இதையோ பெரிய தெருவில் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் பெரிய சமையல் கூடம். அக்கம்பக்கத்தாரும் வந்து சமைக்கக் கற்றுக்கொள்ளலாம், சேர்ந்து சாப்பிடலாம். உள்ளே முற்றம், மரங்கள், ஓடும் தண்ணீர். ஒவ்வொரு தளத்திலும் கண்ணாடி போட்ட அகலமான தாழ்வாரம். வீட்டு வாசலில் உட்கார நம் ஊர்த் திண்ணையைப் போல ஆசனம். போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், பேசலாம்.

பிரிட்டனில் கட்டடக் கலைக்குத் தரப்படும் மிகப் பெரிய பரிசு ஸ்டெர்லிங் பரிசு. 2025-ல் அது இந்தக் கட்டடத்துக்குக் கிடைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில், பேராசிரியை ஜூலியன் மேயர் தலைமையில் அரசாங்கம் நியமித்த குழு தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. முதியோர் வீடுகளுக்குத் திட்ட அனுமதி எளிதாக வேண்டும், வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு வேண்டும், நடுத்தர வருமானக்காரர்களை மறந்துவிடக் கூடாது என்று அது எழுதியிருந்தது. நடுத்தர வருமானக்காரர் பாடுதான் அங்கே திண்டாட்டம். பணக்காரர் தோட்டத்தோடு கூடிய முதியோர் கிராமத்துக்குப் போய்விடுகிறார். பரம ஏழைக்கு ஆப்பிள்பி புளூ போல ஒரு தர்ம வீடு என்றாவது கிடைக்கலாம். ஆயுள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தவர், தபால் ஆபீசில் வேலை பார்த்தவர், தம் சிறிய வீட்டை விற்றால் அதுவும் எட்டாது, இதுவும் கிடைக்காது. அவர் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி, பழைய வீட்டிலேயே இருந்துவிடுகிறார்.